எம்மா பக்கம் ஒரு ஓட்டு

அன்பு மகனுக்கு,

நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். "நாவல் படிக்க எதுக்கு வெளியூர் போய்த் தங்கணும், வீட்டு சோபாவில் படிக்கக் கூடாதா?" என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில்.

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி டார்செஸ்டரில் இறங்கினேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் தங்கல். வெள்ளி சாயங்காலம் டீயில் தொடங்கி ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்தது. முழுக்க முழுக்க ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டிதான். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்ற டீச்சர்கள். சைவம் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு வேளை தவறாமல் காளான் போட்டார்கள். பைக்குள் இருந்த மாவடுதான் காப்பாற்றியது.

பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்கும்போது அவருடைய 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' எங்களுக்குப் பாடம். குடிபோதையில் மனைவியையும் குழந்தையையும் ஐந்து கினிக்கு (பழைய இங்கிலீஷ் காசு) விற்றுவிட்டு, பிறகு ஊருக்கே மேயராகிறவனின் கதை. அந்தக் காஸ்டர்பிரிட்ஜ்தான் இந்த டார்செஸ்டர். சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு செங்கல் வீட்டுச் சுவரில், மேயர் இங்கே வாழ்ந்ததாகக் கருதப்படுகிறது என்று பலகையே பதித்திருக்கிறார்கள். பிறக்கவே இல்லாத ஆளுக்கு வீடு! பரீட்சைக்கு நோட்ஸை உருப்போட்ட எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது ஹார்டியின் சொந்த வீடு, மேக்ஸ் கேட். ஹார்டி முதலில் கட்டடக் கலைஞர். தானே வரைபடம் போட்டு, அப்பாவையும் தம்பியையும் வைத்துக் கட்டி, 1885இல் குடிபோன வீடு. அதன் உச்சியில், கூரைக்கு அடியில், முதல் மனைவி எம்மா ஒதுங்கியிருந்த சின்ன அறை. என் மூட்டுவலியோடு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். கீழே அவர் எழுதுவார், மேலே இவள் இருப்பாள். கடைசி வருஷங்களில் பேச்சுவார்த்தையே குறைவு. 1912 நவம்பர் 27ஆம் தேதி எம்மா இறந்தாள். உடனே மனுஷனுக்கு அவளை நினைத்துக் கவிதை பொங்கிவிட்டது. அடுத்த மார்ச்சில், அவளை முதன்முதலில் பார்த்த கார்ன்வாலுக்கு ஓடுகிறார். டார்செட் மியூசியத்தில் அவருடைய படிப்பறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். மேஜைக் காலண்டர் மார்ச் 7லேயே நிற்கிறது. 1870இல் இருவரும் சந்தித்த தேதி.

ஞாயிற்றுக்கிழமை இதை வைத்துத்தான் சண்டை. ஆங்கிலத்திலேயே மிகச் சிறந்த காதல் கவிதைகள் இவை என்று ஒரு பெரியவர் உருகினார். "உயிரோடு இருந்தபோது மாடிப்படி ஏறிப் போய் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமே" என்றேன். பேசியிருந்தால் இந்தக் கவிதைகள் கிடைத்திருக்காதே என்றாள் எதிரே இருந்த பெண். கிடைக்காவிட்டால் போகட்டுமே! கவிதைகள் பிரமாதம், அதை நான் மறுக்கவில்லை. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. கோபமே அதனால்தான். இதில் 1914இல் கட்டிக்கொண்ட இரண்டாம் மனைவி புளோரன்ஸின் நிலைமையை யோசித்துப் பார். செத்துப்போனவளுக்குப் புருஷன் எழுதிய காதல் கவிதைகள் கல்யாணமான வருஷமே புத்தகமாக வருகின்றன. நொந்துபோனாள், பாவம். அவளுக்காகப் பேச அந்த அறையில் ஒருத்தரும் இல்லை, நான் உட்பட.

ஸ்டின்ஸ்ஃபர்ட் சர்ச்சுக்கும் நடந்து போனோம். 1928இல் ஹார்டி இறந்தபோது சாம்பல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு, இதயம் மட்டும் இங்கே எம்மாவின் குழிக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். அந்த இதயத்தைப் பூனை தின்றுவிட்டது என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்பாதே, ஆனால் சொல்லிச் சிரிக்க நல்ல கதை.

சோபாவில் படித்திருந்தால் எதிர்த்துப் பேச யார் இருக்கிறார்கள்? உன் அப்பா "ம்" கொட்டுவார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் எலிசபெத் காஸ்கெல் நாவல்கள். எனக்கும் உன் பெண்டாட்டிக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் வாய் கொடுத்தால் விடமாட்டாள், அதுதான் எனக்கு வேண்டும். எடின்பரோவிலிருந்து அவளுக்கு ரயில் டிக்கெட் போடு. குட்டியை அந்த மூன்று நாளும் நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா