எங்கள் சந்தின் 50 ஆம்பியர்

ரங்கூன், பசுண்டவுங்

அன்புள்ள மாணிக்கம்,

ரிச்சி தெருவில் வாங்கிக் கொடுத்தனுப்பிய கிளாம்ப் மீட்டர், வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டுகிற அந்தச் சாமான், வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அதை முறுக்கு டப்பாவுக்குள் திணித்திருந்தான். மீட்டர் முழுசு, முறுக்கு தூள். தங்கச்சியிடம் முறுக்கு பிரமாதம் என்றே சொல்லிவிடு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மோல்மேனில் ஒரு இடம் பார்க்கிறோம், அது தனிக் கதை. சோடாபுட்டிக்கு உன் கடன் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம், கொடுக்கத்தான் மனசில்லையாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கரண்ட் முறை வைத்து வருகிறது. வந்ததும் சந்துப் பிள்ளைகள் "மீ லாபி!", கரண்ட் வந்தாச்சு, என்று பர்மாக்காரப் பேச்சில் கத்துகிறார்கள், நாம் கத்திய மாதிரியே. ஆனால் வருவது என்ன கரண்ட் என்கிறாய்? விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். சாயங்காலம் என் வீட்டுப் பிளக்கில் 150 வோல்ட். 230 இருக்கவேண்டிய இடம்டா.

எங்கள் ரைஸ் குக்கர் 700 வாட். அதை 230ஆல் வகு, 3 ஆம்பியர் சொச்சம். 230ஐ அந்த ஆம்பியரால் வகு, காயிலின் தடை 76 ஓம். காயில் தன் 76 ஓமை விட்டு அதிகம் நகராது. 150 வோல்ட்டில் அதற்குள் 2 ஆம்பியர்தான் ஓடும். 150ஐ 2ஆல் பெருக்கினால் 300 வாட். வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடு பாதிக்கும் கீழே போய்விட்டது! வோல்ட் குறையும்போது ஆம்பியரையும் கூட இழுத்துக்கொண்டு இறங்குகிறதே. சோறு வேகவில்லை என்று திட்டு வாங்கியபோது வீட்டில் இதைத்தான் விளக்கினேன். "அந்தக் கணக்கையே வேகவைத்துச் சாப்பிடுங்க" என்றாள்.

அவளை விடு. சந்தில் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: வோல்ட்டேஜ் ஏற்றுகிற பெட்டி. 150 போனால் 230 வெளியே வரும். முதலில் வாங்கியவன் ராஜா. அவன் வீட்டுச் சோறு வெந்தது, அவன் ஃபேன் சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான், அவனும் வாங்கினான். இப்போது பெட்டி இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம்.

பெட்டி கரண்ட் உற்பத்தி பண்ணுவதில்லை, மாணிக்கம். குக்கருக்கு முழு 700 வாட் கொடுக்க அது 150 வோல்ட் லைனிலிருந்து 4.7 ஆம்பியர் உறிஞ்சும், தன் சொந்த நஷ்டம் தனி. பெட்டியில்லாமல் அதே குக்கர் எடுத்தது 2. மிச்சத்தை யார் தலையில் கட்டுகிறது?

ஞாயிற்றுக்கிழமை வார்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சந்துக்கு வரும் வயரில் உன் மீட்டரை மாட்டச் சொன்னேன். 50 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 225 வோல்ட், என்னிடம் 150. நடுவில் 75 காணோம். 75ஐ 50ஆல் வகுத்தால் ஒன்றரை ஓம், போய்த் திரும்பும் வயரின் தடை. 75 பெருக்கல் 50, 3,750 வாட். அஞ்சு ரைஸ் குக்கர் சூட்டை அந்தப் பழைய வயர் காக்காய்க்குக் குளிர் காயக் கொடுக்கிறது! ஒரு பெட்டி கூடினால் 2.7 ஆம்பியர் கூடும், அந்த ஒன்றரை ஓமில் சந்துக்கே இன்னும் 4 வோல்ட் குறையும். வோல்ட் இறங்கினால் பழைய பெட்டிகள் இன்னும் ஆம்பியர் இழுக்கும், அதனால் மறுபடி இறங்கும்.

லோப்பித்தா நீர்மின் நிலையத்திலிருந்து மலை தாண்டி 2,30,000 வோல்ட்டில் கரண்ட் அனுப்புகிறார்கள். வோல்ட் கூடினால் அதே வாட்டுக்கு ஆம்பியர் குறையும், வயரில் வீணாவதும் குறையும். அத்தனை மரியாதையாக வந்த கரண்டை நாங்கள் கடைசி நானூறு அடியில் இந்தக் கதி ஆக்குகிறோம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. சந்துக் கோடியில் தையல்கார அக்கா இருக்கிறார்களே, அவர்கள் அம்மாவுக்கு இப்போது ஆக்ஸிஜன் மெஷின். அதற்குள்ளே இருப்பது மோட்டார். குக்கர் என்றால் வோல்ட் குறைந்தால் மெதுவாக வேகும், அவ்வளவுதான். மோட்டார் திணறி, ஆம்பியர் கூட்டி இழுத்துச் சூடாகும், இல்லாவிட்டால் நின்றுவிடும். போன வாரம் ராத்திரி அது கத்திக்கொண்டே நின்றது. மகள் வீடு வீடாகத் தட்டி, பெட்டியை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அணைத்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் சாயங்காலம் எல்லாம் மறுபடி ஓடியது.

ஒரு பெட்டி வாங்கிய காசில் ஆளுக்குப் பாதி போட்டால் தடித்த வயர் இழுத்துவிடலாம். வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டு மடங்கானால் தடை பாதி. அனுமதி வாங்க ஆபீசுக்கு நான் நடக்கிறேன் என்றேன். "வயர் பொதுச்சொத்து, பெட்டி என் வீட்டில் இருக்கும்" என்கிறான் உன் அருமைத் தகரடப்பா. அதற்கு எந்த ஃபார்முலா போடுவது?

அலுமினிய வயர், இரண்டு கோர், 35 ஸ்கொயர் எம்எம், நானூறு அடி. அங்கே என்ன விலை என்று விசாரித்து எழுது. இங்கே சொல்லும் விலை நியாயமா என்று தெரியவேண்டும். தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் பதில் வந்தால் நல்லது, வயர் விஷயமாகச் சந்துக்காரர்கள் கூடிப் பேசுவது அதற்கு முன்னால்தான். தகரடப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுதிப் போடு. நீ திட்டினால் கேட்பான், நான் திட்டினால் டீ வாங்கிக் கொடுக்கிறான்.

உன்
ரேடியோ

பி.கு: மாப்பிள்ளைப் பையனுக்கு இன்வெர்ட்டர் கடையாம். சின்னவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் யோசனை.