அம்மாவுக்குப் பட்டியல் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா அப்பா வரப்போகிறார்கள் என்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவது. மல்லி, சீரகம், குண்டு மிளகாய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை, அப்புறம் பால்கோவா. பட்டியல் போடுவது நாம். சிட்னியிலோ மெல்பர்னிலோ இறங்கி, என்னென்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று நிரப்பிக் கையெழுத்திட்ட பயணி அட்டையோடு சோதனை அதிகாரி முன்னால் நிற்பது அவர்கள். எனக்கு வருத்தம் இதில்தான்.

நாம் கேட்பதில் பாதிக்கு மேல் தடை இருக்கிறது. அரிசி, துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் எதையும் 2020 முதல் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. ஆலையில் வறுத்தோ பொரித்தோ பாக்கெட்டில் விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. காரணம், தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு. நம் துணைக்கண்டத்துப் பூச்சிதான். அதன் புழு இரையே இல்லாமல் இடுக்குகளில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும், வழக்கமான மருந்துக்கும் எளிதில் சாகாது. கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடு இதற்குப் பயப்படாமல் என்ன செய்யும்?

கறிவேப்பிலையின் கதை இன்னும் தீவிரமானது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலைச் செடியும் ஒரு வீடு. ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அந்த நோய் என்ன பாடுபடுத்தியது என்பது உலகறிந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. பால்கோவாவுக்கு எதிரி, பால் வழியாகவும் பரவக்கூடிய கோமாரி. இந்தியாவில் மாடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த அந்த நோய் இங்கே 1872க்குப் பிறகு தலைகாட்டவில்லை.

இத்தனைக்கும் சிட்னியின் பென்டில் ஹில்லிலும் மெல்பர்னின் டாண்டினாங்கிலும் கடைகளில் கிடைக்காத மளிகையா? பிரிஸ்பேனில் கறிவேப்பிலை கொல்லைப்புறத்திலேயே வளர்கிறது. ஊர் மிளகாயின் காரம் தனிதான், மறுக்கவில்லை. அதற்காக எழுபது வயது அம்மாவை விசாரணை மேசைக்கு அனுப்ப வேண்டுமா?

விமானத்தில் தரும் அந்த அட்டையைப் பற்றியும் பேச வேண்டும். அரசாங்கப் படிவம் என்றால் "எதற்கு வம்பு" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவது நம் பெரியவர்களின் வழக்கம். இங்கே வம்பே அதில்தான் தொடங்குகிறது. இருப்பதைச் சொல்லிவிட்டால், தடைசெய்த பொருளாகவே இருந்தாலும் அபராதம் கிடையாது. அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம், விசாவும் ரத்தாகலாம். 2019 அக்டோபரில் வியட்நாமிலிருந்து சிட்னி வந்த ஒரு பெண்மணி, பச்சைப் பன்றி இறைச்சி உள்ளிட்ட உணவுப் பொருட்களைச் சொல்லாமல் கொண்டுவந்ததற்காக விசாவை இழந்து திரும்பிப் போனார். மூன்று ஆண்டு மீண்டும் வர முடியாது என்றும் ஆனது.

அட்டையில் இன்னொரு கேள்வி: கடந்த 30 நாளில் பண்ணைக்கோ கால்நடைகளிடமோ போனீர்களா? மாட்டுத்தொழுவத்தைத் தாண்டாமல் தெருவுக்கு வர முடியாத வீடுகள் நம் ஊரில் எத்தனை! அவர்கள் 'ஆம்' என்றுதான் போட வேண்டும். செருப்பில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். கிளம்புமுன் கழுவச் சொல்லுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பட்டியல் அனுப்பும் முன் ஆஸ்திரேலிய வேளாண் துறையின் இறக்குமதி விதிகளைச் சொல்லும் பைகான் (BICON) இணையதளத்தில் ஒவ்வொரு பொருளையும் தேடிப் பாருங்கள். அட்டையின் கேள்விகளை வீடியோ அழைப்பில் அவர்களோடு உட்கார்ந்து தமிழில் பேசுங்கள். என்னென்ன உணவு, என்னென்ன மருந்து என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தின் சோதனைப் பகுதிக்குள் நம்மை விடமாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு அங்கே அந்தத் தாள் பெரிய உதவி.

அன்புடன்,
உங்களைப் போலவே பட்டியல் அனுப்பும் ஒருவர்