குடியிருப்போர் நலச் சங்கம், மதுரை: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் (நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள்) வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடை மூடி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை மூன்றுக்கும் மனுக் கொடுத்தோம். விளக்கு எரிகிறது. மற்ற இரண்டுக்கும் மறுபடி மனுக் கொடுக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நீர்மோர்ப் பந்தல் நன்றாக நடந்தது, பானகம்தான் பற்றவில்லை. அவ்வளவுதான்.

இனி சுற்றுலா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த ஆண்டுக்கான தீர்மானம் இதைப் பொறுத்தது. வழக்கமாக நாம் கடலுக்குப் போவதென்றால் ஒரே நாளில் ராமேஸ்வரம்: விடியலில் அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தனுஷ்கோடி, பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், திரும்பும்போது இருட்டில் தேவிபட்டினம். இறங்கு, ஏறு, ஆளை எண்ணு. ஊருக்கு வந்த பிறகு என்ன பார்த்தோம் என்று கேட்டால் வேன் சீட்டைத்தான் சொல்லத் தோன்றும். ஆகவே இந்த முறை ஒரே ஒரு சிற்றூர், நாள் முழுக்க அங்கேதான் என்று செயற்குழு முடிவு செய்தது. ஊர்: தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணைக் கரையில் இருக்கும் காரங்காடு.

மே மாத விடுமுறையில் கிளம்பினோம். வரிச்சியூர், பூவந்தி, சிவகங்கை வழி. காளையார்கோவிலில் காலைச் சாப்பாடு. அங்கே இரண்டு ராஜகோபுரங்களில் பெரியதைக் கட்டியவர்கள் மருது சகோதரர்கள். 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அவர்களின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்தார்கள். (வேன்காரர் வழி நெடுக வீடியோவை அலறவிட்டார். அடுத்த முறை வேறு வண்டி.)

காரங்காடு மீனவ ஊர். கடலோரமாக அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். டிக்கெட் அங்கேயே, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகு ஓட்டுபவரும் வழி காட்டுபவரும் அந்த ஊர்க்காரர்களே. கால்வாய் மாதிரி போகும் நீரில் இரண்டு பக்கமும் மரம், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அலையாத்தி தன் இலை வழியாக உப்பை வெளியேற்றும் என்று சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் இலையை நக்கிப் பார்த்தார்கள். பெரியவர்களும்தான்.

காட்டைத் தாண்டினால் ஆழமில்லாத கடல். அடியில் கடற்புல் மேய்ச்சல். ஆவுளியா என்ற கடல்பசுவுக்கு அதுதான் உணவு. அதை நேரில் பார்க்கலாம் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம், கூச்ச சுபாவமுள்ள பிராணி. ஆனால் வலையில் சிக்கியதை உயிரோடு திரும்ப விடும் மீனவர்களுக்கு இந்தக் கடலோரத்தில் வனத்துறை பரிசு கொடுக்கிறது. துடுப்புப் படகு, முகமூடி மாட்டிக்கொண்டு நீருக்கடியில் பார்ப்பது எல்லாம் உண்டு. நம் சங்க இளைஞர்கள் துடுப்புப் படகில் ஒரே இடத்தில் வட்டமடித்ததற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் போகிறோமே, மீன் கிடைக்குமா என்று பலர் பயமுறுத்தினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு கரையோரம் போய்வரும். ஊர்ப் பெண்கள் குழுவாகச் சமைத்துத் தருகிறார்கள். நண்டு சூப்பும் மீன் குழம்பும் சாப்பிட்ட பிறகு, அயிரையைத் தவிர வேறு மீனே இல்லை என்று சொல்லிவந்த நம் மூத்த உறுப்பினர் அமைதியாகிவிட்டார். நாம் கொடுத்த காசு அந்த ஊரிலேயே தங்கியது, எனக்கு அதில் தனித் திருப்தி. சாயங்காலம் உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுத் திரும்பினோம்.

படகு வேண்டாம், முழங்கால் ஒத்துழைக்காது என்ற மூத்தவர்களுக்கு அப்புறம் தனியாக ஒரு ரயில் பயணம். 2022 டிசம்பரிலிருந்து மண்டபம் ஸ்டேஷனோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை போகிறது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம். அதில் ரயில் ஓடிய காலத்தில் நடுத்தண்டவாளம் இரண்டு கையாகப் பிரிந்து உயர்ந்தது. 1964 டிசம்பர் புயலில் அந்தப் பாலம் சிதைந்ததைச் சின்ன வயதில் கேள்விப்பட்டவர்கள் ஜன்னலோரத்தில் நிறையப் பேசினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி பஸ்ஸில் பாம்பன் திரும்பி, சின்னப்பாலம் பக்கம் போனோம். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் வாழும் ஊர். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம் ஜிகர்தண்டாவில் மிதக்கும் கடல்பாசி இப்படிப்பட்ட பாசியிலிருந்து காய்ச்சி எடுப்பதுதான். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஜிகர்தண்டா ஞாபகம் வந்துவிட்டது.

சரி, அடுத்த ஆண்டு. மன்னார் வளைகுடாப் பக்கம் போகலாம் என்பது செயற்குழுவின் யோசனை. பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். சோளகக் காற்றில், அதாவது தென்மேற்குக் காற்றில், மன்னார் பக்கம் குமுறும், வாடைக் காலத்தில் பாக் நீரிணை குமுறும். ஆகவே மே மாதம் வேண்டாம், தை அல்லது மாசி. திருப்புல்லாணியில் ஆதி ஜெகந்நாதப் பெருமாள், பால் பாயசம், சேதுக்கரை. அதோடு கீழக்கரையில் நம் கோயில் மண்டபம் போலவே கல்தூண்கள் நிற்கும் பழைய ஜும்மா பள்ளிவாசல், தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு. இரண்டு ஊருக்கு மேல் சேர்க்கச் சொல்லி யாரும் திருத்தம் கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் கொடுப்பவர்கள் கார்த்திகைக்குள் முன்பணத்தோடு கொடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.