மாலை ஐந்து மணிக்குப் பிறகு வருகிற பிள்ளைகள்

சேலம் மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

மலைக்கிராமத்து இளைஞர்களுக்கு மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் வழிகாட்டும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம், ஏற்காடு கோடை விழாவின்போது போடும் அரங்கில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். உங்கள் மாணவர்கள் அங்கே வந்து மேசை தூக்குவது முதல் துண்டறிக்கை கொடுப்பது வரை எல்லாம் செய்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

காலையில் வரும் மாணவர்கள், இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துவிட வேண்டும் என்பதால், மாலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். பொறுப்பாளர்களின் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பகலில் எங்கள் அரங்கைக் கடந்து போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்க வந்த வெளியூர்க் குடும்பங்கள். நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் போன்ற ஊர்களின் பிள்ளைகளோ, காப்பித் தோட்டத்து வேலையை முடித்து, முகம் கழுவிக்கொண்டு விழா பார்க்க வருவது அதற்குப் பிறகுதான். அப்போது அரங்கில் என்னைப் போன்ற ஓரிருவரே இருப்போம். தன் வயதுப் பையன் ஒருவனிடம் பேசுவதுபோல எங்களிடம் அவர்கள் பேசுவதில்லை.

ஒருமுறை கல்லூரிப் பேருந்தைத் தவறவிட்ட மாணவர் ஒருவர் எங்களோடு தங்க நேர்ந்தது. அன்று இரவு ஏழு மணிக்குத் தயங்கித் தயங்கி வந்த ஒரு பையன், பிளஸ் டூ தேர்ச்சி பெற்றும் எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்பதை அவரிடம் மட்டும் சொன்னான். இந்த மலைகளில் வாழும் ‘மலையாளி’ என்ற பழங்குடியைச் சேர்ந்த அவனிடம் சாதிச் சான்று இல்லை. அவன் தந்தையிடமும் இல்லை. பழங்குடியினருக்கான சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர் என்பதுகூட அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் மாணவருக்கு மாதம் ரூ.1,000 தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைப் பற்றியும் அவன் அன்றுதான் கேள்விப்பட்டான்.

அந்த மாணவர் அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் தன் செலவில் மலையேறினார். உறவினர் ஒருவரின் பழைய சான்றைத் தேடியெடுத்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, விசாரணைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். சான்று கைக்கு வந்தபோது கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது; நேரடிச் சேர்க்கையில் ஐடிஐ-யில் மின்பணியாளர் பிரிவில் இடம் கிடைத்தது. ஆனால் மாணவரின் பதிவேட்டில் ஏறியது விழா நாளின் மணிக்கணக்கு மட்டுமே. இதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் செய்த தொண்டில் பெரும்பகுதி அந்த ஞாயிறுகளில்தான் நடந்தது.

1969-இல் தொடங்கிய உங்கள் திட்டம் ஒரு மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரமும், இரண்டு ஆண்டுகளில் ஒருமுறை ஏழு நாள் சிறப்பு முகாமும் கேட்கிறது. அந்த 120 மணியில், விழா முடிந்த பிறகு வரும் ஜூன் மாத ஞாயிறுகளுக்கும் இடம் கொடுங்கள். தேர்வு கால அட்டவணை இடம் தரும் கல்லூரிகள் சிறப்பு முகாமையே விழா நாட்களில் மலைமேல் நடத்தினால், மாணவர்கள் இரவில் இங்கேயே தங்கலாம். அரங்கும் ஒன்பது மணி வரை திறந்திருக்கும். மாணவியரைத் தங்கவைப்பதில் பெற்றோருக்குத் தயக்கம் இருக்கும் என்பதை அறிவேன். மலைக்கிராமத்துப் பெண் பிள்ளைகள் மாணவியரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதால், பேராசிரியை ஒருவரும் உடன் தங்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

வரும் ஏப்ரலில் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால், சான்றுகள், உதவித்தொகை, சேர்க்கை நாட்கள் ஆகியவற்றை மாணவர்களுக்கு விளக்க நாங்களே கீழே இறங்கி உங்கள் கல்லூரிக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு தன்னார்வலர்