ஒரே மோதிரம், கட்டுக்குள் நான்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2023-ல் 20 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறிய 'தி ஒன் ரிங்' (ஒரே மோதிரம்) என்ற விளையாட்டு அட்டையைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற அட்டை விளையாட்டில் 'லெஜண்டரி' என்று அச்சிட்ட அட்டை உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது உண்மையானால், என் அலமாரியில் பழைய செருப்புப் பெட்டியில் கிடக்கும் லெஜண்டரி அட்டைகளை விற்று தெம்பனிஸில் ஒரு அடுக்குமாடி புளோக்கையே நான் வாங்கியிருப்பேன்.

பாடகர் போஸ்ட் மலோன் வாங்கிய அந்த அட்டையில் 001/001 என்று எண் போட்டிருக்கும். விற்பனைக்காகவே அப்படி ஒன்றை மட்டும் அச்சிட்டார்கள். அதே 'தி ஒன் ரிங்' சாதாரண அச்சிலும் அந்த ஆண்டு வந்தது. என் மகன் நான்கு வைத்திருந்தான், நான்கையும் ஒரே கட்டுக்குள், அதாவது ஒருவர் ஆடுவதற்குச் சேர்த்து வைக்கும் அட்டைகளுக்குள். 'ஒன்' என்று பெயர் வைத்துவிட்டு நான்கு வைக்க விடுகிறார்களே என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. லெஜண்டரி என்பது உலகில் எத்தனை, கட்டில் எத்தனை என்ற கணக்கே அல்ல. மேசையில், உங்கள் பக்கத்தில், ஒரே நேரத்தில் எத்தனை என்ற கணக்கு.

இந்தக் கணக்கும் இரண்டு முறை மாறிவிட்டது. போன தீபாவளிக்குத்தான் எனக்கே அது உறைத்தது. சாப்பாடு முடிந்து அண்ணனும் என் மகனும் அந்தச் செருப்புப் பெட்டியைத் திறந்து, என் பழைய அட்டைகளில் ஆளுக்கொரு கட்டுச் சேர்த்து உட்கார்ந்தார்கள். மகன் 'உமெசாவாஸ் ஜிட்டே' என்ற லெஜண்டரி அட்டையை இறக்கினான். அண்ணன் கையிலும் ஒரு ஜிட்டே.

"அவன் முந்திக்கிட்டான். இனி நான் போட்டா என்னோடதுதான் கல்லறைக்குப் போகும்" என்றார் அண்ணன். கல்லறை என்பது ஆட்டத்தில் கழிந்துபோன அட்டைகளின் குவியல்.

"போடுங்கண்ணா, ரெண்டும் சேர்ந்து போகும்" என்றேன் நான்.

"ஒண்ணும் போகாதும்மா. மாமாவோடது மாமாகிட்ட, என்னோடது என்கிட்ட" என்றான் மகன்.

மூன்று பேர் சொன்னதும் சரி, அவரவர் காலத்துக்கு. 1994-ல் 'லெஜண்ட்ஸ்' என்ற அட்டைத் தொகுப்பு வந்தது முதல் அண்ணனின் விதிதான்: முதலில் வந்தவர் நிற்பார், அதே பெயரில் அடுத்து வருபவர் கல்லறைக்குப் போவார். பாலிடெக்னிக் நாள்களில் அண்ணன் பாய்ந்து பாய்ந்து ஆடியதன் காரணம் அதுதான். முந்துபவனுக்கே எல்லாம் என்றால் ஆட்டம் எங்கே போய் நிற்கும்? 2000-ல் 'லின் சிவ்வி' என்ற ஒரு லெஜண்டை மெர்கேடியன் மாஸ்க்ஸ் தொகுப்பு வரிசைக்கான போட்டிகளில் தடை செய்ய வேண்டி வந்தது. யார் அவளை முதலில் இறக்கினாரோ, அவர் எதிராளியின் கையிலுள்ள லின் சிவ்வியைச் செல்லாக்காசாக்கிவிடுவார்.

2004-ல் 'காமிகாவா' தொகுப்போடு என் காலத்து விதி வந்தது. ஒரே பெயரில் இரண்டு சந்தித்தால் இரண்டும் போகும். நான் வெள்ளிக்கிழமை இரவுப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தது அப்போது. ஜிட்டேயை அடக்க இன்னொரு ஜிட்டேதான் மருந்து. வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்களும் எதிராளியுடையதைக் கொல்வதற்காகவே கட்டில் சேர்த்தோம். முள்ளை முள்ளால் எடுத்தல்! எனக்கு இன்றும் பிடித்த விதி இதுதான். நியாயமானது என்று சொல்ல மாட்டேன்.

2013 ஜூலையில் 'மேஜிக் 2014' தொகுப்போடு மகனின் விதி வந்தது. ஒவ்வொருவரும் தன் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். என்னிடம் ஒரே பெயரில் இரண்டு சேர்ந்தால் ஒன்றை நானே தேர்ந்து வைத்துக்கொண்டு மற்றதைக் கல்லறையில் வைக்க வேண்டும். எதிராளியிடம் இருப்பது எனக்குச் சம்பந்தமில்லை.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். 'அழிப்பது' வேறு, கல்லறையில் 'வைப்பது' வேறு என்று இந்த விதி பிரிப்பது எனக்குப் பிடிக்கும். அழிக்க முடியாதது என்று அச்சிட்ட அட்டையும் இந்த விதிக்குத் தப்பாது, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் அழிக்கவில்லை. ஆட்டம் தானே சரிபார்த்துத் தானே செய்துவிடுகிறது, நடுவில் புகுந்து தடுக்க யாருக்கும் இடமில்லை. அதோடு, பார்ப்பது பெயரை மட்டும்தான், ஆளை அல்ல. ஒரே கதாபாத்திரத்துக்கு வேறு வேறு பெயரில் இரண்டு அட்டை இருந்தால் இரண்டும் அருகருகே நிற்கலாம், நம் படங்களில் இரட்டை வேடம் போல.

இனி அந்த நான்கு மோதிரங்கள். மோதிரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒரு சுமை ஏறும். சுமைக்கு ஒன்று வீதம் புது அட்டை எடுக்கலாம். ஆனால் அடுத்தடுத்த முறை உங்கள் ஆட்டம் தொடங்கும்போது அதே கணக்கில் உயிர்ப்புள்ளியும் கரையும். சுமை அதிகமானதும் மகன் என்ன செய்வான்? இரண்டாவது மோதிரத்தை இறக்குவான். விதிப்படி ஒன்று போக வேண்டுமே, சுமையேறிய பழையதை அனுப்பிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வான். புதியது வந்ததும் அடுத்த முறை அவன் ஆட்டம் வரும்வரை எதுவும் அவனைத் தொடாது. தண்டனையாக எழுதிய விதியை வசதியாக்கிக்கொள்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். 2024 டிசம்பரில் 'மாடர்ன்' வகைப் போட்டிகளில் அந்த மோதிரத்தையே தடை செய்துவிட்டார்கள்.

கட்டுக்கு ஒன்றுதான் என்ற விதியும் இருக்கிறது, வேறு இடத்தில். போக்கிமோன் அட்டை விளையாட்டில் 'ஏஸ் ஸ்பெக்' என்று போட்ட அட்டைகளில், பெயர் எதுவானாலும் 60 அட்டைக் கட்டுக்கு ஒன்றே ஒன்றுதான். உங்கள் கட்டுரையாளர் இதையும் அதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டாரோ என்னவோ.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தெம்பனிஸ், சிங்கப்பூர்

பி.கு.: தீபாவளி ஆட்டத்தை மகனின் விதிப்படியே ஆடினார்கள். அண்ணன் தோற்றார். பழைய விதி இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்கிறார். பழைய விதிப்படி அவருடைய ஜிட்டே ஒரு நொடிகூட மேசையில் நின்றிருக்காது என்று அவரிடம் யார் சொல்வது?