வெட்டாதீர்கள், பார்க்கிறோம்

ஆசிரியருக்கு,

மாதம் ஒரு படமாவது குடும்பத்தோடு பார்க்கும் சாதாரண ரசிகை நான். 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' எனக்கு மிகவும் பிடித்த படம். நீடாமங்கலம் கல்யாண வீடும், விடிய விடிய நீளும் பேச்சும் எங்கள் தஞ்சைப் பக்கத்து வாழ்க்கையேதான். ஆனால் வெளியான சில நாளிலேயே, நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பேச்சுதானே படம்! கார்த்தியும் அரவிந்த்சாமியும் உட்கார்ந்து பேசுவதை யார் அவசரமாகப் பார்க்கச் சொன்னது?

அதே மாதம் வந்த 'லப்பர் பந்து' படமும் அருமை. மாமியார் வேடம் என்றாலே ஓரமாக நிற்கவைப்பார்கள். யசோதையாக வந்த சுவாசிகாவுக்கு எவ்வளவு கோபம், எவ்வளவு கம்பீரம்! என் அம்மா இன்னும் அவரைப் பற்றியே பேசுகிறார். அப்புறம் 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. சசிகுமாரும் சிம்ரனும் கண்கலங்க வைத்தார்கள், சில இடங்களில் பின்னணி இசை கொஞ்சம் கூடுதல்தான்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குப் பயந்து படத்தில் கத்தரி வைக்காதீர்கள். எங்களைப் போன்றவர்கள் இரண்டாவது வாரத்தில்தான் தியேட்டருக்கு வருகிறோம். இயக்குநர் எடுத்த படத்தை முழுதாகப் பார்க்க எங்களுக்கும் ஆசை இருக்கிறது.

- ஒரு வாசகி, மன்னார்குடி