கிராண்ட் கேன்யன் வரலாற்றை எழுத உதவிய உங்கள் எல்லோருக்கும்

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள மாபெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்து அச்சுக்கும் அனுப்பியாயிற்று. புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் இடம் கொஞ்சம்தான். அதில் உங்களை எல்லாம் ஒரே வரியில் அடுக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஹவாசுபாய்ப் பழங்குடியினர் வாழும் சுபாய் கிராமத்து அம்மாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. 1919 பிப்ரவரி 26-ல் பூங்கா பிறந்தது என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகத் தொடங்குவார்கள். நீங்கள்தான் 1882-லிருந்து தொடங்கச் சொன்னீர்கள். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் சோளமும் பூசணியும் பயிரிட்டு, குளிர்காலத்தில் மேட்டுக்கு ஏறி வேட்டையாடி வாழ்ந்த ஹவாசுபாய் மக்களுக்கு 518 ஏக்கர் போதும் என்று அரசு கோடு கிழித்த ஆண்டு அது. அதோடு மேட்டு நிலம் மொத்தமும் கைவிட்டுப் போனது. அப்புறம் அதே நிலத்தில்தான் வனக் காப்பகம், தேசிய நினைவுச்சின்னம், தேசியப் பூங்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினால் நடுவழியில் ஊற்றும் மரநிழலுமாக ஒரு இடம் வருமே, அங்கே கடைசியாகக் குடியிருந்த ஹவாசுபாய்க் குடும்பத்தை 1928-ல் வெளியேற்றினார்கள். அந்த இடத்துக்கு ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று அவர்கள் பெயரையே வைக்க 2022 நவம்பர் வரை ஆனது.

நிலம் திரும்பக் கிடைத்த கதையை நீங்கள் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று பயமாகவே இருந்தது. பல தலைமுறைகள் மனுப்போட்டு, வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து, 1975 ஜனவரியில் அதிபர் ஃபோர்டு கையெழுத்துப் போட்டபோது 1,85,000 ஏக்கர் அவர்களிடம் திரும்பி வந்தது. புத்தகத்தின் நீளமான அத்தியாயம் இதுதான். சுருக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன்.

அடுத்து, ஆவணக் காப்பகத்தில் எனக்காக மெனக்கெட்ட இருவருக்கும். பெட்டி பெட்டியாக எடுத்துத் தந்ததோடு நிற்காமல், எதை எதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் காட்டினீர்கள். பெஞ்சமின் ஹாரிசன் செனட்டராக இருந்தபோது 1882-லிருந்து மூன்று முறை மசோதா கொண்டுவந்தும் பூங்கா அமையவில்லை. பிறகு அவரே அதிபரானதும் 1893-ல் வனக் காப்பகமாக அறிவித்தார். தியோடர் ரூஸ்வெல்ட் 1903-ல் விளிம்பில் நின்று, இதை இப்படியே விட்டுவிடுங்கள், மனிதன் கை வைத்தால் கெடுக்கத்தான் முடியும் என்று பேசியதும், 1908-ல் தேசிய நினைவுச்சின்னமாக்கியதும் நிறையப் பேருக்குத் தெரியும். ரால்ஃப் கேமரனைத்தான் பலருக்குத் தெரியாது. பிரைட் ஏஞ்சல் பாதையில் போகிறவர்களிடம் கட்டணம் வசூலித்தவர் அவர். தண்ணீர் இருக்கும் இடம், பாதை திரும்பும் இடம் என்று முக்கியமான இடங்களாகப் பார்த்துச் சுரங்க உரிமை கோரி வைத்திருந்தார். தொல்பொருள் சின்னங்களைக் காக்க வந்த 1906 சட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை எப்படி வளைத்துப் போடலாம் என்பது அவர் தரப்பு வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பள்ளத்தாக்கும் அறிவியல் முக்கியத்துவம் உள்ள ஒன்றுதான், அதிபர் அறிவித்தது செல்லும் என்று 1920-ல் தீர்ப்பானது. பின்னாளில் அமெரிக்காவில் பெரும் பரப்புகளைக் காப்பாற்ற இந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவியது என்பதை நீங்கள் பொறுமையாக விளக்கியிருக்காவிட்டால், நான் கேமரனை ஒரு பத்தியில் கடந்து போயிருப்பேன். (தோற்ற மனிதர் அடுத்த ஆண்டே செனட்டராகி வாஷிங்டன் போனார் என்பதையும் நீங்கள் மறக்காமல் சொன்னீர்கள்.)

புவியியல் ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் விஷ்ணு பாறைக்கு ஏறக்குறைய 170 கோடி வயது, விளிம்பில் நாம் நிற்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி. விஷ்ணு, பிரம்மா, சிவன் பெயர்கள் அங்கே எப்படி வந்தன என்று நம் ஆட்கள் தவறாமல் கேட்பார்கள். 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் கீழைநாட்டுக் கோயில்களை நினைத்துச் சிகரங்களுக்குப் பெயர் வைக்க, பின்னால் வந்தவர்களும் அதையே தொடர்ந்தார்கள். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் கட்டிய ஹோப்பி ஹவுஸ், டெசர்ட் வியூ காவற்கோபுரம் இரண்டையும் வரைந்து கொடுத்த தங்கைக்கும் அன்பு. காவற்கோபுரச் சுவரில் ஹோப்பிப் பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி தீட்டியவற்றை நீ கவனித்து வரைந்ததால்தான் அவர் பெயர் புத்தகத்தில் சரியான இடத்தில் வந்திருக்கிறது.

படகோட்டி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல. ஒற்றைக் கையோடு ஆய்வாளர் ஜான் வெஸ்லி பாவெல் 1869-ல் நான்கு படகுகளில் கொலராடோ ஆற்றில் இறங்கிய கதையை நீங்கள் சொல்லக் கேட்டதே பெரும் பாக்கியம். ஆனால் நான் அதிகம் கடன்பட்டிருப்பது அணைகளைப் பற்றி நீங்கள் பேசியதற்குத்தான். மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகளை 1963-ல் மூடி நீரைத் தேக்கியதும் சேறும் மணலுமாக ஓடிய செந்நிற ஆறு குளிர்ந்த தெளிந்த நீராக மாறியது, கரையோர மணல் திட்டுகள் கரையத் தொடங்கின. அது போதாதென்று மார்பிள் கேன்யனிலும் பிரிட்ஜ் கேன்யனிலும் இன்னும் இரண்டு அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 1966-ல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்கள் கொடுக்க, மக்கள் கடிதங்களாகக் குவிக்க, 1968 சட்டத்தோடு அந்த அணைகள் நின்றுபோயின. வென்றாயிற்று என்று நான் அங்கே அத்தியாயத்தை முடிக்கப் பார்த்தேன், நீங்கள் விடவில்லை. அணையிலிருந்து எடுக்க நினைத்த மின்சாரத்துக்குப் பதிலாகப் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் நிலக்கரி மின்நிலையம் வந்தது, அதன் புகை 2019-ல் அதை மூடும்வரை பள்ளத்தாக்கின் மேலும் படிந்தது. அணையைத் தடுத்த அதே சியரா கிளப் ஹவாசுபாய் மக்களுக்கு நிலத்தைத் திருப்பித் தருவதை எதிர்த்தது என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள், அதுவும் அந்த அமைப்பின் மேல் உள்ள மதிப்பு குறையாமல். ஆற்றைக் காத்தவர்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

மெய்ப்புப் பார்த்த மதுரை அண்ணனுக்கும், வரைபடங்களில் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதித் தந்த தம்பிக்கும் நன்றி. இரவெல்லாம் விழித்து வேலை செய்தீர்கள்.

கடைசியாக வடக்கு விளிம்பில் வேலை பார்த்த நண்பருக்கு. 2025 ஜூலையில் டிராகன் பிராவோ என்ற காட்டுத்தீ அங்கிருந்த கிராண்ட் கேன்யன் லாட்ஜ் விடுதியை எரித்தபோது உங்களுக்கு என் புத்தகமா பெரிசு? ஆனாலும் பதில் எழுதினீர்கள். 1928-ல் கட்டி, 1932-ல் எரிந்து, 1937-ல் மீண்டும் எழுந்த கட்டடம் அது. முதல் கட்டடத்தில் மிஞ்சிய கல்லை வைத்துத்தான் இரண்டாவதைக் கட்டினார்கள் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு பத்தியை ஒரு சொல்கூட மாற்றாமல் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன். முதல் பிரதி உங்களுக்கும் சுபாய் அம்மாவுக்கும் ஒரே நாளில் கிளம்புகிறது. சுபாய்க்குத் தபால் இன்னும் கோவேறு கழுதை மேல்தான் போகிறது, அதனால் அம்மா, உங்களுக்கு வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.